தக்காளி வாடல் நோய்: ஒரே பூஞ்சை, மூன்று இனங்கள்

உலகில் சீனாவுக்கு அடுத்தபடியாக மிகுதியாகத் தக்காளி விளைவிக்கும் நாடு இந்தியா. கர்நாடகத்தின் கோலார், ஆந்திரத்தின் மதனப்பள்ளி, மகாராட்டிரத்தின் நாசிக், இமாசலப் பிரதேசத்தின் சோலன் எனப் பெயர்பெற்ற தக்காளிப் பகுதிகள் நாடெங்கும் உள்ளன. இப்பயிருக்காக நம் வங்கியில் கடன் பெறும் வாடிக்கையாளர்களும் பலர். தக்காளியில் இழப்பு என்றதும் விலை வீழ்ச்சியே நினைவுக்கு வருகிறது. விலை இன்று விழுந்தால் நாளை எழலாம். மண்ணுக்குள் குடியேறிய நோயோ அடுத்த பருவத்திலும் அதற்கடுத்த பருவத்திலும் அதே வயலில் காத்திருக்கும். அத்தகைய நோய்களுள் ஒன்றான பியூசேரியம் வாடல் நோயைப் பற்றி இவ்விதழில் காண்போம்.

பயிர்க் கடன் தொடர்பாக உழவர்களிடம் பேசும்போது அடிக்கடி எழும் வினா ஒன்று உண்டு. ‘வாடல் நோயைத் தாங்கும் விதை என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். கூடுதல் விலையும் கொடுத்தோம். பிறகு ஏன் செடி வாடியது?’ என்பதே அது. விதை போலி என்று ஒருவர் கூறுவார். பருவம் சரியில்லை என்று மற்றொருவர் கூறுவார். சில வேளைகளில் அவை உண்மையாக இருக்கலாம். ஆயினும் விதையும் நன்றாக இருந்து, உழவரும் குறையின்றிப் பராமரித்து, அதன் பின்னும் செடி வாட வாய்ப்புண்டு. அதன் காரணம் பூஞ்சையின் இனவேறுபாட்டில் இருக்கிறது.

நோயின் தன்மை

இந்நோயை உண்டாக்கும் பூஞ்சையின் பெயர் பியூசேரியம் ஆக்சிஸ்போரம். இது மண்ணில் வாழ்வது. வேரின் வழியே நுழைந்து, நீரை மேலே கொண்டுசெல்லும் சாற்றுக்குழாய்களில் பரவி அவற்றை அடைத்துவிடுகிறது. வேரருகே ஈரம் இருந்தும் இலைகளுக்கு நீர் போய்ச் சேருவதில்லை. அடியிலைகள் முதலில் மஞ்சளாகின்றன. பல வேளைகளில் செடியின் ஒரு பக்கம் மட்டும், அல்லது ஓர் இலையின் ஒரு பாதி மட்டும் மஞ்சளாவது இந்நோயின் சிறப்பு அடையாளம். தண்டை நெடுக்காகப் பிளந்து பார்த்தால் பட்டைக்கு உட்புறத்தில் பழுப்பு நிறக் கோடுகள் தென்படும். மண்ணின் வெப்பம் 28 டிகிரி செல்சியசை ஒட்டியிருக்கும்போதும், மண் புளிப்புத் தன்மையுடன் இருக்கும்போதும் நோய் வேகமாகப் பெருகுகிறது.

செடி மடிந்த பின்னும் பூஞ்சை மடிவதில்லை. தடித்த சுவருடைய ஓய்வு வித்துகளாக மாறி மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடிருக்கிறது. ஒரு வயலிலிருந்து மற்றொரு வயலுக்கு நாற்றின் வேர்மண், கலப்பையில் ஒட்டிய மண், பாசன நீர், சில வேளைகளில் விதை ஆகியவற்றின் வழியாகப் பரவுகிறது.

பியூசேரியம் ஆக்சிஸ்போரம் ஒரே சிற்றினமாகக் கூறப்பட்டாலும், அதற்குள் பல ‘சிறப்பு வடிவங்கள்’ உள்ளன. வாழையைத் தாக்குவது ஒன்று; கொண்டைக்கடலையைத் தாக்குவது மற்றொன்று; தர்ப்பூசணி, முட்டைக்கோசு, பட்டாணி ஆகியவற்றுக்குத் தனித்தனி வடிவங்கள் உள்ளன. தக்காளியில் வாடலை உண்டாக்குவது லைக்கோபெர்சிசி என்னும் வடிவம். இவ்வொரு வடிவத்துக்குள்ளும் மேலும் மூன்று இனங்கள் உள்ளன. நுண்ணோக்கியில் பார்த்தால் மூன்றும் ஒன்றுபோலவே இருக்கும். எந்தத் தக்காளி இரகத்தை வீழ்த்துகிறது, எதனிடம் தோற்கிறது என்பதிலேயே வேறுபாடு வெளிப்படுகிறது.

இனங்கள் தோன்றிய வரலாறு

இந்நோய் முதன்முதலில் 1895ஆம் ஆண்டு இங்கிலாந்தில் விவரிக்கப்பட்டது. பின்னர் அமெரிக்காவின் தக்காளிப் பகுதிகளில் பெருஞ்சேதம் விளைந்தது. 1930களின் இறுதியில், சிறு பழங்களைத் தரும் காட்டுத் தக்காளியான பிம்பினெல்லிஃபோலியத்தில் இந்நோயை அறவே தடுக்கும் மரபணு ஒன்று இருப்பது கண்டறியப்பட்டது. அதைப் பயிர் இரகங்களுக்கு மாற்றினர். 1941ஆம் ஆண்டு வெளியான பான் அமெரிக்கா என்னும் இரகம் இவ்வழியில் வந்ததே.

சிக்கல் தீர்ந்தது என்ற எண்ணம் நிலைக்கவில்லை. 1945ஆம் ஆண்டிலேயே ஒகையோ மாநிலத்தில் இந்த மரபணுவைக் கடந்து தாக்கும் பூஞ்சை பதிவாயிற்று. பழையது முதல் இனம் என்றும் புதியது இரண்டாம் இனம் என்றும் பெயர் பெற்றன. மீண்டும் காட்டுத் தக்காளியில் தேடி இரண்டாவது மரபணுவைக் கண்டனர். இரண்டு மரபணுக்களையும் கொண்ட வால்டர் என்னும் இரகம் 1969ஆம் ஆண்டு புளோரிடாவில் வெளியாயிற்று. 1970களின் பிற்பகுதியில் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் அதையும் வீழ்த்தும் மூன்றாம் இனம் தோன்றியது. இதற்கான மூன்றாவது மரபணு, பென்னெல்லி என்னும் வேறொரு காட்டுத் தக்காளியிலிருந்து எடுக்கப்பட்டது.

நூல்களில் இம்மூன்று மரபணுக்களும் ஐ, ஐ-2, ஐ-3 எனக் குறிக்கப்படுகின்றன. நாம் எளிமைக்காக முதற்காவல், இரண்டாங்காவல், மூன்றாங்காவல் என அழைப்போம்.

காவலும் கையொப்பமும்

பூஞ்சையின் ஓர் இனத்தைச் செடியின் காவல் எவ்வாறு அறிகிறது? இதற்கு விடை தந்தவர் அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில் ஆளிப் பயிரின் துருநோயை ஆராய்ந்த ஹெரால்டு ஃபுளோர் என்னும் அறிஞர். செடியில் உள்ள ஒவ்வோர் எதிர்ப்பு மரபணுவுக்கும் இணையாக நோய்க்காரணியில் ஒரு மரபணு உண்டு என்பதை 1940களில் அவர் நிறுவினார். ‘மரபணுவுக்கு மரபணு’ என இக்கொள்கை அறியப்படுகிறது.

வங்கி வாடிக்கையாளர்களுக்கு இதை ஓர் உவமையால் விளக்கலாம். காசோலை வந்ததும் அதிலுள்ள கையொப்பத்தை மாதிரிக் கையொப்பத்துடன் ஒப்பிடுகிறோம். செடியின் காவலும் ஒரு மாதிரியைக் கையில் வைத்திருக்கிறது. அது வைத்திருப்பது நண்பனின் மாதிரியன்று, பகைவனின் மாதிரி. பூஞ்சை சாற்றுக்குழாய்க்குள் நுழையும்போது சில புரதங்களைச் சுரக்கிறது. அவற்றுள் ஒன்று மாதிரியோடு பொருந்தினால் செடி உடனே விழித்துக்கொண்டு குழாய்களை அடைத்துப் பூஞ்சையை மேலே ஏறவிடாமல் நிறுத்துகிறது. பொருந்தாவிடில் காவல் உறங்குகிறது.

தக்காளிப் பூஞ்சையில் இத்தகைய அடையாளப் புரதங்கள் மூன்று கண்டறியப்பட்டுள்ளன. முதற்காவல் முதல் அடையாளத்தையும், இரண்டாங்காவல் இரண்டாம் அடையாளத்தையும், மூன்றாங்காவல் மூன்றாம் அடையாளத்தையும் கண்டுகொள்கின்றன. முதல் இனத்தில் மூன்று அடையாளங்களும் உள்ளன. இரண்டாம் இனம் முதல் அடையாளத்துக்குரிய மரபணுவை முற்றாக இழந்துவிட்டது. ஆகவே முதற்காவலுக்கு அது புலப்படுவதில்லை. மூன்றாம் இனத்தில் முதல் அடையாளம் இல்லை. இரண்டாம் அடையாளமும் சிறிது திருத்தப்பட்டிருக்கிறது. அப்புரதத்தின் நீண்ட சங்கிலியில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியதே அதற்குப் போதுமானதாயிற்று.

முதல் அடையாளத்தை அறவே கைவிட்ட பூஞ்சை, இரண்டாம் அடையாளத்தை ஏன் கைவிடாமல் திருத்திக்கொண்டது? முதல் அடையாளம் இல்லாமலும் பூஞ்சையால் காவலற்ற தக்காளியை முழு வலிமையுடன் தாக்க முடியும். இரண்டாம் அடையாளமோ அதன் தாக்குதலுக்குத் தேவையான கருவி. கருவியை எறிந்துவிட்டால் தாக்கும் வலிமை குறையும். எனவே கருவியை வைத்துக்கொண்டு, அடையாளம் தெரியாதபடி மட்டும் மாற்றிக்கொண்ட பூஞ்சை பிழைத்துப் பெருகியது. மூன்றாம் அடையாளமும் இவ்வாறு தேவையான கருவியே. அதனால் மூன்றாங்காவல் நீண்ட காலம் பயன்தரும் என எதிர்பார்க்க இடமுண்டு.

இங்கே கவனிக்கத்தக்க மற்றொன்றும் உள்ளது. முதல் அடையாளப் புரதத்துக்கு இரண்டாங்காவலையும் மூன்றாங்காவலையும் செயலிழக்கச் செய்யும் ஆற்றல் உண்டு என 2008ஆம் ஆண்டு வெளியான ஆய்வு காட்டியது. ஆகவே, முதற்காவல் இல்லாமல் புதிய காவல்களை மட்டும் கொண்ட செடியைப் பழைய முதல் இனம் தாக்கிவிடும். புதிய பூட்டு வாங்கியதும் பழைய பூட்டைக் கழற்றிவிடலாம் என்பது இங்கே பொருந்தாது. காவல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய இரகமே பாதுகாப்பானது.

மரபு வழியும் நோய்த்திறனும்

ஒரே இனத்தைச் சேர்ந்த பூஞ்சைகள் அனைத்தும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என எண்ணத் தோன்றும். உண்மை அதுவன்று. இரண்டு பூஞ்சைகளின் இழைகள் தம்முள் இணைந்து வாழ முடிகிறதா என்பதைக் கொண்டு அவற்றைப் பொருத்தக் குழுக்களாகப் பிரிக்கலாம். ஒரே குழுவில் உள்ளவை நெருங்கிய உறவினர். இம்முறையை 1985ஆம் ஆண்டு புஹல்லா என்னும் ஆய்வாளர் பியூசேரியத்துக்கு வகுத்தார். தக்காளிப் பூஞ்சைகளை இவ்வாறு பிரித்தபோது, ஒரே குழுவுக்குள் வெவ்வேறு இனங்களும், ஒரே இனத்துக்குள் வெவ்வேறு குழுக்களும் காணப்பட்டன. நெருங்கிய உறவினர் இருவர் வெவ்வேறு இனமாக இருக்கலாம். தொலைவான இருவர் ஒரே இனமாக இருக்கலாம். இனம் என்பது குலத்தின் பெயர் அன்று; அடையாளங்களுள் எவை உள்ளன, எவை இல்லை என்பதன் கணக்கு மட்டுமே.

இப்பூஞ்சையில் ஆண், பெண் கலப்பால் நிகழும் இனப்பெருக்கம் காணப்படவில்லை. அப்படியிருந்தும் இத்தனை வேறுபாடு எங்கிருந்து வந்தது? மரபணு திடீரென மாறுவதும் அழிவதும் ஒரு வழி. வேறொரு வழியும் உண்டு என 2010ஆம் ஆண்டு ‘நேச்சர்’ இதழில் வெளியான ஆய்வு உணர்த்தியது. தக்காளிப் பூஞ்சையின் 15 குரோமோசோம்களுள் நான்கு, அதன் அடிப்படை வாழ்வுக்குரியவை அல்ல. பிற்காலச் சேர்க்கைபோல் உள்ளவை. அவற்றுள் 14ஆம் குரோமோசோமில்தான் நோயுண்டாக்கும் கருவிகள் பலவும் அமைந்துள்ளன. நோய் உண்டாக்காத பூஞ்சை ஒன்றுக்கு ஆய்வகத்தில் இந்தக் குரோமோசோம் மாறிச் சென்றபோது, அது தக்காளியைத் தாக்கும் பூஞ்சையாயிற்று. மண்ணில் தீங்கின்றி வாழும் பூஞ்சைகள் பல உள்ள நிலையில், இச்செய்தி எச்சரிக்கையாகவே கொள்ளத்தக்கது.

இனத்தை அறிவது எவ்வாறு?

ஆய்வுக்கூடங்களில் இதற்கென ஒரு செடிவரிசையைப் பயன்படுத்துகின்றனர். எந்தக் காவலும் இல்லாத பானி பெஸ்ட், முதற்காவல் மட்டும் உள்ள யூ.சி.82, முதல் இரண்டு காவல்களும் உள்ள வால்டர், மூன்றாங்காவல் உள்ள ஐ3ஆர்-3 என்பவை அவ்வரிசையில் அடங்கும். வயலில் வாடிய செடியிலிருந்து பூஞ்சையைப் பிரித்து வளர்த்து, அதன் வித்துகள் கலந்த நீரில் இளநாற்றுகளின் வேரை நனைத்து நடுவார்கள். சில வாரங்களுக்குப் பின் பானி பெஸ்ட் மட்டும் வாடினால் முதல் இனம். யூ.சி.82 சேர்ந்து வாடினால் இரண்டாம் இனம். வால்டரும் வாடினால் மூன்றாம் இனம். இப்போது மரபணுச் சோதனையாலும் இனத்தை அறியும் முறைகள் உள்ளன.

அதற்கு முன்னதாக, வாடியது பியூசேரியத்தால்தானா என்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும். பாக்டீரியா வாடல் என்னும் நோயும் தக்காளியில் மிகுதி. அதில் செடி மஞ்சளாகாமல் பச்சையாகவே திடீரெனத் தொங்கும். வாடிய செடியின் அடித்தண்டை வெட்டி, கண்ணாடிக் குவளையில் உள்ள தெளிந்த நீரில் வெட்டுவாய் படும்படி பிடித்தால், சில நிமிடங்களில் பால்போன்ற கசிவு நூல்நூலாக இறங்கும். பியூசேரியம் வாடலில் இக்கசிவு இராது. எளிய சோதனையே ஆயினும் தவறான மருந்துக்குச் செலவிடும் பணத்தை இது மிச்சப்படுத்தும்.

விதைப்பொதியில் எதைப் படிப்பது?

‘வாடலைத் தாங்கும்’ என்னும் சொல் மட்டும் போதாது. எந்த வாடல், எந்த இனம் என்னும் இரு வினாக்களுக்கும் விடை வேண்டும். எடுத்துக்காட்டாக, பெங்களூருவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட அர்கா ரக்ஷக் என்னும் புகழ்பெற்ற வீரிய ஒட்டு இரகம் இலைச்சுருள் நச்சுயிரி, பாக்டீரியா வாடல், முன்பருவ இலைக்கருகல் ஆகிய மூன்றையும் தாங்குவது. அந்த மூன்றில் பியூசேரியம் இல்லை. பியூசேரியம் மிகுந்த வயலில் அதை நட்டு வாடினால் குறை இரகத்தினுடையது அன்று.

இன எண்களிலும் ஒரு சிக்கல் உண்டு. பழைய அமெரிக்க முறையில் இனங்கள் 1, 2, 3 என எண்ணப்படுகின்றன. இன்றைய பன்னாட்டு விதை வணிகக் குறியீட்டில் அவையே 0, 1, 2 என எழுதப்படுகின்றன. பொதியில் ‘எஃப்.ஓ.எல். 0, 1’ என்றிருந்தால் அது பழைய முறையின் முதல் இரண்டு இனங்களையும் குறிக்கும். எண் முறை எது என்பதை விற்பனையாளரிடம் கேட்டுத் தெளிவதே முறை. ‘எச்.ஆர்.’ என்பது உயர்நிலை எதிர்ப்பையும் ‘ஐ.ஆர்.’ என்பது இடைநிலை எதிர்ப்பையும் குறிக்கும். அடித்தண்டு, வேர் அழுகலை உண்டாக்கும் மற்றொரு பியூசேரியத்துக்கு ‘எஃப்.ஓ.ஆர்.’ எனத் தனிக் குறியீடு உண்டு. இரண்டையும் ஒன்றெனக் கொள்ளலாகாது.

விதைப்பொதியின் உறை, குவியல் எண், விற்பனைச் சீட்டு ஆகியவற்றை அறுவடை முடியும்வரை பாதுகாத்து வைத்தல் வேண்டும். குறைபாடுள்ள விதையால் இழப்புற்ற உழவர் நுகர்வோர் மன்றத்தை அணுகலாம் என 2012ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. ஆயினும் பொதி முதல் இனத்துக்கு மட்டுமே உறுதி கூறியிருந்து, வயலில் இருப்பது இரண்டாம் இனமானால், முறையீடு நிற்காமற்போகலாம். இன அறிவு ஆய்வகத்தோடு நின்றுவிடுவதன்று. உழவரின் உரிமையோடும் தொடர்புடையது.

கடனும் காப்பீடும்

இந்நோய் பெரும்பாலும் பூக்கும் பருவத்திலும் காய்ப்பின் தொடக்கத்திலும் வெளிப்படுகிறது. கணக்கிடும் எளிமைக்காக, ஓர் ஏக்கருக்கு மொத்தச் செலவு 1,00,000 ரூபாய் எனக் கொள்வோம். நிலத் தயாரிப்பு, குழித்தட்டு நாற்று, அடியுரம், மூடாக்குத் தாள், ஊன்றுகோல் என 70,000 ரூபாய் முதல் பறிப்புக்கு முன்பே செலவாகிவிட்டதென வைத்துக்கொள்வோம். அந்நிலையில் 100 செடிகளுக்கு 30 வாடினால் வருவாய் ஏறத்தாழ அதே அளவில் குறையும். செலவிலோ பறிப்புக் கூலி போன்ற சிறு பகுதி மட்டுமே குறையும். இலாபமாக நின்றிருக்க வேண்டிய தொகையே முதலில் கரைகிறது. ஆகவே விதைக்கு முன்னதான சிறு செலவே இங்கு பெரிய காப்பு.

காப்பீடு பற்றியும் தெளிவு வேண்டும். 2016ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் விளைச்சல் இழப்பு, அறிவிக்கப்பட்ட பகுதி முழுமைக்குமாகக் கணக்கிடப்படுகிறது. வானிலை அடிப்படையிலான காப்பீட்டிலோ மழை, வெப்பம் முதலிய அளவுகளே இழப்பீட்டைத் தீர்மானிக்கின்றன. தனியொருவர் வயலில் மட்டும் ஏற்படும் வாடலுக்கு இவ்விரண்டிலும் இழப்பீடு எதிர்பார்ப்பது அரிது. இதை அறிந்து திட்டமிடுவோருக்கு ஏமாற்றம் இராது. பயிர் கண்முன் வாடத் தொடங்கினால், தவணை நாள் கடந்த பின் வருவதைவிட முன்னரே கிளைக்கு வந்து நிலைமையைத் தெரிவிப்பது நன்று.

செய்யத்தக்கவை

நோய் கண்ட வயலில் தக்காளியைத் தொடர்ந்து நடாமல், நெல், சோளம், மக்காச்சோளம் போன்ற தானியப் பயிர்களை இடையில் பயிரிட வேண்டும். பூஞ்சை முற்றிலும் ஒழியாது எனினும் அதன் அளவு குறையும். ஒரே எதிர்ப்பு இரகத்தை ஆண்டுதோறும் அதே மண்ணில் நடுவது, அதைக் கடக்கும் இனத்தை நாமே தேர்ந்தெடுத்து வளர்ப்பதற்கு ஒப்பாகும்.

நாற்றை நம்பகமான நாற்றங்காலில், மண்ணுக்கு மாற்றாகத் தென்னை நார்க் கழிவு நிரப்பிய குழித்தட்டுகளில் வளர்த்தது பார்த்து வாங்குதல் நலம். நோயுள்ள வயலில் உழுத கருவிகளைக் கழுவிய பின்னரே அடுத்த வயலுக்குக் கொண்டுசெல்ல வேண்டும். வாடிய செடிகளை வேரோடு பிடுங்கி வயலுக்கு வெளியே எரித்துவிட வேண்டும்.

கோடையில் ஈரமாக்கிய மண்ணை ஒளிபுகும் பாலித்தீன் தாளால் 4 முதல் 6 வாரங்கள் மூடிவைத்தால் மேல்மண்ணில் உள்ள வித்துகள் வெப்பத்தால் பெரிதும் குறையும். புளிப்பு மண்ணில் சுண்ணாம்பு இட்டு அமிலக் காரக் குறியீட்டை 6.5 முதல் 7 வரை உயர்த்துவதும், அம்மோனியா வடிவ உரத்தைக் குறைத்து நைட்ரேட் வடிவத் தழைச்சத்தைக் கூட்டுவதும் நோயைத் தணிக்கும். தொழு உரத்தில் பெருக்கிய டிரைக்கோடெர்மாவை நடவுக்கு முன் இடலாம். வேர்முடிச்சு நூற்புழு மிகுந்த வயலில் வாடலும் கடுமையாகும் என்பதால் அதனையும் கட்டுப்படுத்த வேண்டும்.

கத்தரி வேர்ச்செடியின்மேல் தக்காளியை ஒட்டுக்கட்டுவது மற்றொரு வழி. தக்காளிக்குரிய வடிவம் கத்தரியில் இந்நோயை உண்டாக்குவதில்லை. வாரணாசியில் உள்ள இந்தியக் காய்கறி ஆராய்ச்சி நிறுவனம் இத்தகைய ஒட்டுமுறையில் பணியாற்றி வருகிறது. ஒட்டிய இடம் மண்ணுக்கு மேலே நிற்குமாறு நட வேண்டும். புதைத்துவிட்டால் தக்காளித் தண்டிலிருந்தே வேர்விட்டு, ஒட்டுக்கட்டியதன் பயன் அற்றுப்போகும்.

ஐயம் எழும்போது மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்தையோ, வேளாண் பல்கலைக்கழகத்தின் பயிர் நோயியல் துறையையோ அணுகி, வாடிய செடியை வேரோடு கொடுத்து ஆய்வு கேட்கலாம். உழவர் அழைப்பு மையத்தின் கட்டணமில்லா எண் 1800-180-1551.

அடுத்த பருவத்துக்குக் கடன் விண்ணப்பம் எழுதுமுன், சென்ற முறை தம் வயலில் வாடியது எந்த நோயால், எந்த இனத்தால் என்பதை அறிந்துகொள்ளுமாறு வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கொள்கிறோம். அதை அறிந்து வாங்கும் விதையே கொடுத்த விலைக்குப் பயன் தரும்.